ஒன்ராறியோவில் ஆர்.பி.என். படிக்கப் போகிறீர்களா? வகுப்பு முதல் வார்ட் வரை

ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனால், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதே யாராவது ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள்: "அக்கா, நானும் நேர்சிங் படிக்கலாமெண்டு யோசிக்கிறன். எங்கை துவங்கிறது?" கையில் ரோல்ஸை வைத்துக்கொண்டு இரண்டு வருடப் படிப்பை விளக்க முடியாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் சில வருடங்கள் முதியோர் இல்லத்தில் பி.எஸ்.டபிள்யூ.வாக, அதாவது பராமரிப்பு உதவியாளராக, வேலை செய்துவிட்டு, பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு இந்தப் படிப்புக்குப் போனவள். என்னோடு தொடங்கிப் பாதியில் நின்றவர்களை நினைத்துப் பார்க்கிறேன். படிக்க முடியாமல் நின்றவர்கள் என்று ஓரிருவரைத்தான் சொல்லலாம். மற்றவர்கள் தடுப்பூசிப் பத்திரத்திலும், மருந்துக் கணக்கிலும், தூக்கமில்லாமலும் விழுந்தவர்கள். ஆகவே இந்த மூன்றையும் பற்றிக் கூடுதலாகச் சொல்லப் போகிறேன். உடற்கூற்றியலைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம்.

முதலில் பெயர்க் குழப்பம்

ஒன்ராறியோவில் நோயாளியின் கட்டிலருகே மூன்று விதமானவர்களைப் பார்ப்பீர்கள். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, ஊட்டிவிடுவது போன்ற பராமரிப்பைச் செய்பவர் பி.எஸ்.டபிள்யூ. அந்தப் படிப்பு ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். ஆர்.பி.என். என்பவர் கல்லூரியில் இரண்டு வருட டிப்ளோமா முடித்த பதிவு பெற்ற தாதி. ஆர்.என். நான்கு வருடப் பட்டம் படித்தவர். 2005 முதல் இந்த மாகாணத்தில் புதிதாக ஆர்.என். ஆக வருகிறவர்களுக்குப் பட்டம் கட்டாயம்.

"ஆர்.பி.என். எண்டால் அரை நேர்ஸ்தானே" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கதையை விடுங்கள். மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, சிறுநீர்க் குழாய் போடுவது எல்லாம் ஆர்.பி.என். செய்கிற வேலைதான். வித்தியாசம் நோயாளியின் நிலையில் இருக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்று ஓரளவு ஊகிக்கக்கூடிய நோயாளியை ஆர்.பி.என். தனியாகப் பார்க்கலாம். நிலைமை சிக்கலாகத் தொடங்கினால் ஆர்.என்.னைக் கலந்துகொள்ள வேண்டும், தேவைப்பட்டால் அவரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தத் திருப்பத்தைக் கண்டுபிடிக்கும் கண் வருவதற்காகத்தான் இரண்டு வருடப் பயிற்சி.

மற்ற மாகாணங்களில் இதே வேலைக்கு எல்.பி.என். என்று பெயர். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆர்.பி.என். என்றால் மனநலத் தாதி. வன்கூவரில் இருக்கும் சித்தப்பாவின் மகளிடம் ஆலோசனை கேட்கும்போது இதைக் கவனியுங்கள், இருவரும் வேறு வேறு வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொரு பெயர், சி.என்.ஓ. ஒன்ராறியோ தாதியர் கல்லூரி என்பதன் சுருக்கம். பெயரில்தான் கல்லூரி, அங்கே யாரும் படிப்பதில்லை. தாதியரைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் சபை அது. நீங்கள் சேரப் போகும் படிப்பு சி.என்.ஓ. அங்கீகரித்த பிரக்டிகல் நேர்சிங் பட்டியலில் இருக்கிறதா என்று அவர்களுடைய தளத்தில் நீங்களே பார்க்க வேண்டும். கல்லூரி ஆள் சொன்னார், முகவர் சொன்னார் என்று நம்பிப் பணம் கட்ட வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, மருத்துவம் சம்பந்தமான பெயருடைய ஒரு தனியார் படிப்பில் காசைக் கொட்டினாள். "முடிச்சாப் பிறகு நேர்ஸா மாத்தலாம்" என்று சொல்லித்தான் சேர்த்தார்களாம். மாற்ற முடியாது. அங்கீகாரம் இல்லாத படிப்பை முடித்தவருக்குப் பதிவுப் பரீட்சைக்கே வழி திறக்காது.

இலங்கையிலோ இந்தியாவிலோ ஏற்கெனவே தாதியாக வேலை செய்தவர்கள் நேராக வகுப்பில் போய்ச் சேராதீர்கள். உங்கள் தகுதியை முதலில் சி.என்.ஓ. வழியாக மதிப்பிடச் செய்யுங்கள். முழுப் படிப்பும் தேவைப்படாமல் போகலாம்.

விண்ணப்பம்

ரொறொன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் சென்ரெனியல், ஜோர்ஜ் பிரவுண், செனெக்கா, ஹம்பர், டேர்ஹம் ஆகிய அரசு கல்லூரிகளில் இந்தப் படிப்பு உண்டு. விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், ஒன்ராறியோ கொலிஜஸ் என்ற இணையத்தளம் வழியாகப் போகும். ஐந்து தெரிவுகள் கொடுக்கலாம், அதில் ஒரே கல்லூரிக்கு மூன்றுக்கு மேல் கூடாது. செப்ரெம்பர் வகுப்புக்குப் பெப்ரவரி 1க்கு முன் போட்டுவிடுங்கள். அந்தத் திகதிக்குள் வந்த விண்ணப்பங்களைச் சமமாகப் பார்ப்பார்கள். பிறகு வருவது மிச்ச இடத்துக்குத்தான், இந்தப் படிப்பில் மிச்சம் அதிகம் இருக்காது.

கேட்கும் பாடங்கள் ஆங்கிலம், கணிதம், உயிரியல், இரசாயனவியல். உயர்நிலைப் பள்ளி மட்டம்தான், ஆனால் நான்கிலும் நல்ல புள்ளி வேண்டும். ஊரில் ஏ.எல். உயிரியல் எடுத்தவர்கள் சான்றிதழை வெஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனத்தில் கொடுத்துக் கனடாத் தரத்துக்கு ஒப்பிட்டு வாங்குங்கள், சில பாடங்களை அதிலேயே ஏற்றுக்கொள்ளக்கூடும். 19 வயது கடந்தவர்கள் 'வளர்ந்த மாணவர்' என்ற வழியில் வரலாம். ஆனால் அதற்கு இரசாயனவியல் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம், நானும் அப்படி நினைத்து ஒரு வருடம் இழந்தேன். பாடம் குறைகிறவர்களுக்குக் கல்லூரிகளிலேயே 'அகடமிக் அப்கிரேடிங்' என்ற இலவச வகுப்பு இருக்கிறது. ஒரு வருட 'பிரீ-ஹெல்த்' படிப்பும் உண்டு, அதற்குக் காசு கட்ட வேண்டும். நேரம் இருந்தால் முதலில் இலவசத்தைப் பாருங்கள்.

கட்டணத்துக்கு ஓசாப் என்ற மாகாண மாணவர் உதவித் திட்டத்தில் கேட்கலாம். சீருடை, ஸ்டெதஸ்கோப், புத்தகம், சப்பாத்து, பொலிஸ் பத்திரம், ஊசிகள் என்று தனியாக ஒரு செலவு வரும், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடிதம் வந்த அன்றே ஊசியைத் தொடங்குங்கள்

இடம் கிடைத்த மகிழ்ச்சியில் எல்லோரும் புத்தகம் வாங்க ஓடுவார்கள். நீங்கள் குடும்ப வைத்தியரிடம் ஓடுங்கள். பத்திரங்கள் முழுமையாக இல்லாவிட்டால் வார்டுக்குள் விடமாட்டார்கள், வார்டுக்குப் போகாவிட்டால் அந்தப் பருவமே போய்விடும்.

சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா, கொப்பளிப்பான், ஹெப்பரைற்றிஸ் பி எல்லாவற்றுக்கும் ஊசி போட்ட பதிவோ இரத்தப் பரிசோதனை முடிவோ வேண்டும். "சின்னனிலை எனக்கு அம்மாள் வந்தது, வேப்பிலையிலை படுக்க வைச்சவை" என்பது இங்கே செல்லாது. இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்த தாளைத்தான் கேட்பார்கள். ஊரில் போட்ட ஊசி அட்டை தொலைந்துபோனவர்கள் நம்மில் எத்தனை பேர்! கவலைப்படாமல் இரத்தத்தைச் சோதியுங்கள், இல்லாததை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹெப்பரைற்றிஸ் பி ஊசியின் வழக்கமான அட்டவணை முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். மூன்று ஊசியும் முடிந்து, சக்தி வந்ததா என்று இரத்தம் சோதிக்க இன்னுமொரு மாதம். கிட்டத்தட்ட ஏழு மாதம் போய்விடும். மே மாதத்தில் கடிதம் வந்து ஓகஸ்டில் வைத்தியரிடம் போனால் எப்படி முடியும்? ஊசியைத் தொடங்கிவிட்ட பதிவு கையில் இருந்தால் பல இடங்களில் அனுமதிப்பார்கள். தொடங்காமலே போனால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது கசத்துக்கான (காசநோய்) தோல் சோதனை, இரண்டு முறை. முன்கையில் தோலுக்குள் சின்ன ஊசி ஒன்று போடுவார்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பிப் போய்க் காட்ட வேண்டும். முதலாவது முடிவு நெகட்டிவ் என்றால் ஒன்று முதல் நான்கு வாரம் கழித்து இரண்டாவது. வியாழக்கிழமை போட்டுவிடாதீர்கள், பார்க்க வேண்டிய நாள் சனி ஞாயிறில் விழும், கிளினிக் பூட்டியிருக்கும், மறுபடி முதலிலிருந்து வரும். திங்களோ செவ்வாயோ போங்கள். சின்னமுத்து ஊசி உயிருள்ள தடுப்பூசி. அதைப் போட்ட பிறகு தோல் சோதனை செய்வதென்றால் நான்கு வாரம் பொறுக்க வேண்டும், அல்லது இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட வேண்டும்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். பிறந்தவுடன் பி.சி.ஜி. என்ற கசத் தடுப்பூசி போட்டிருப்பார்கள், இடது தோளில் தழும்பு இருக்கும். அதனால் சோதனை சில வேளை பொசிற்றிவ் வரும். சிவந்திருப்பதைக் கணக்கெடுப்பதில்லை, தடித்து எழும்பிய இடத்தை மில்லிமீற்றரில் அளப்பார்கள், 10 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் பொசிற்றிவ். உடனே அழ வேண்டியதில்லை. கசம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, வைத்தியரின் கடிதத்தோடு கொடுத்தால் வழி பிறக்கும். அதற்கும் சில வாரம் பிடிக்கும் என்பதால்தான் முன்கூட்டியே போகச் சொல்கிறேன்.

பொலிஸிடம் பலவீனமானோருடன் வேலை செய்வதற்கான பின்னணிச் சோதனை ஒன்று எடுக்க வேண்டும். உங்கள் பிறந்த திகதியும் பாலும் பழைய பதிவு ஒன்றோடு பொருந்திவிட்டால் கைரேகை கேட்பார்கள். அது கணினியின் பொருத்தம் மட்டுமே, உங்கள் மேல் சந்தேகம் இல்லை. பிறகு முதலுதவி, சி.பி.ஆர். சான்றிதழ், என்-95 முகக்கவசம் பொருந்துகிறதா என்ற சோதனை. தாடி உள்ள தம்பிமார் அந்த நாளில் மழித்துவிட்டுப் போக வேண்டியிருக்கும். எல்லாத் தாளையும் ஒரு கோப்பில் போட்டு, கைபேசியிலும் படம் எடுத்து வையுங்கள். இரண்டு வருடமும் யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

வகுப்பும் மருந்துக் கணக்கும்

உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நோயியல், மருந்தியல், நோயாளரை மதிப்பிடும் முறை, தாதியக் கோட்பாடு, தொழில் நெறியும் சட்டமும், தொடர்பாடல். இவை இரண்டு வருடத்துக்குள் பிரிந்து வரும். இடையில் ஆங்கிலக் கட்டுரையும் விருப்பப் பாடமும். முதல் பருவத்தில் உடற்கூற்றியல் பெயர்கள் மலை போலத் தெரியும். தினமும் கொஞ்சம் படித்தால் ஏறிவிடலாம்.

மருந்துக் கணக்கு அப்படியல்ல. மற்றப் பாடங்களில் 60, 65 எடுத்துத் தப்பலாம். இந்தப் பரீட்சைக்கு மட்டும் கல்லூரிகள் 90, சில இடங்களில் 100 வீதம் கேட்கின்றன. தவறினால் கிளினிக்கலில், அதாவது வார்டில் செய்யும் பயிற்சியில், மருந்து கொடுக்க விடமாட்டார்கள். கடுமையாகத் தோன்றும், ஆனால் பத்தில் ஒரு மருந்தைப் பிழையாகக் கொடுக்கும் தாதியிடம் உங்கள் அம்மாவை விடுவீர்களா?

கணக்கு சின்ன வகுப்புக் கணக்குத்தான். வைத்தியரின் ஓடர் 500 மில்லிகிராம், போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 250 மில்லிகிராம். 500ஐ 250ஆல் பிரித்து 5ஆல் பெருக்கினால் 10 மில்லிலீற்றர். இன்னொன்று: 1,000 மில்லிலீற்றர் சேலைன் 8 மணி நேரத்தில் போக வேண்டும், குழாயில் மில்லிலீற்றருக்கு 15 சொட்டு. மணிக்கு 125 மில்லிலீற்றர். 125ஐ 15ஆல் பெருக்கி 60ஆல் பிரித்தால் 31.25. கால் சொட்டு விழாது, ஆகவே நிமிடத்துக்கு 31.

யாழ்ப்பாணத்தில் ரியூஷன் படித்தவர்கள் இதை மனக்கணக்காகச் செய்வார்கள், அவர்களும் தவறுகிறார்கள். விழுவது அலகில். தைரொயிட் மாத்திரை ஓடர் 0.125 மில்லிகிராம் என்று இருக்கும், பெட்டியில் 125 மைக்ரோகிராம் என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான், ஒரு மாத்திரை. பதற்றத்தில் புள்ளியை ஒரு இடம் தள்ளிவிட்டால் பத்து மாத்திரை என்று விடை வரும். அப்படி வந்தால் பேனையை வைத்துவிட்டு யோசியுங்கள்: எந்த வைத்தியராவது ஒருவருக்கு ஒரே நேரத்தில் பத்து மாத்திரை எழுதுவாரா? விடையைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்கிற பழக்கம்தான் வாய்பாட்டைவிடக் கைகொடுக்கும்.

எழுதும் முறைக்கும் புள்ளி உண்டு. 0.5 என்று முன்னால் பூச்சியம் போட வேண்டும், வெறும் புள்ளி ஐந்து என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் ஐந்தாகிவிடும். 5 என்பதை 5.0 என்று எழுதக்கூடாது, ஐம்பதாக வாசித்துவிடுவார்கள். வகுப்பு தொடங்கும் முன்பே இரவில் பத்து நிமிடம், நாளுக்கு ஐந்து கணக்கு. நான் சமையலறை நாட்காட்டியின் பின்பக்கத்தில்தான் செய்து பழகினேன்.

லாப்

வார்டுக்குப் போகுமுன் லாப்பில் பொம்மையில் பழக வேண்டும். கட்டில் விரிப்பது, ஆளைப் புரட்டுவது, காயத்துக்கு மருந்து கட்டுவது, சிறுநீர்க் குழாய், ஊசி. ஒவ்வொன்றையும் ஆசிரியர் முன் செய்து காட்டித் தேற வேண்டும், செய்துகொண்டே ஏன் செய்கிறீர்கள் என்று வாயாலும் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு முணுமுணுத்தால் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்கள்.

கிருமியற்ற விரிப்பு பலருக்குத் தலையிடி. விரித்த துணியின் ஓரத்தில் 2.5 சென்ரிமீற்றர் அசுத்தம் என்றே கணக்கு. இடுப்புக்குக் கீழே போன கை அசுத்தம். விரிப்புக்கு முதுகு காட்டித் திரும்பினாலும் அசுத்தம். மடியாக இருந்து பூசைக்குச் சமைத்த நம் அப்பம்மாக்களுக்கு இது ஒரு நாளில் பிடிபட்டிருக்கும். தொட்டது, தொடாதது என்ற கணக்குத்தான். பிழை விட்டால் உடனே "தொட்டுவிட்டேன், மாற்றுகிறேன்" என்று சொல்லிப் புதுக் கையுறை எடுங்கள். அதற்காக யாரும் உங்களைத் தோற்கடிக்க மாட்டார்கள். தொட்டதை மறைத்தால்தான் தோல்வி.

இரத்த அழுத்தம் பார்க்க மெஷின் இருக்கிறதே என்று கைமுறையை விட்டுவிடாதீர்கள். வீட்டில் யார் அகப்பட்டாலும் கையை நீட்டச் சொல்லுங்கள். கணவர், மாமியார், வாடகைக்கு இருக்கும் பெடியன், மெலிந்த கை, தடித்த கை எல்லாம் வேண்டும். தடித்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினால் அழுத்தம் இல்லாத உயரத்துக்குக் காட்டும். பட்டியைத் தளர்த்திக்கொண்டு வரும்போது முதல் "டக்" எங்கே கேட்கிறது, எங்கே ஓய்கிறது என்பதைச் சத்தமில்லாத அறையில் முதலில் பழகுங்கள். வார்டில் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருக்கும்.

கிளினிக்கல்: முதல் காலை

முதல் கிளினிக்கல் பெரும்பாலும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில். பிறகு வைத்தியசாலையின் மருத்துவ, சத்திரசிகிச்சை வார்டுகள், அதோடு கல்லூரியைப் பொறுத்துத் தாய் சேய், மனநலம், சமூகப் பராமரிப்பு. ஏழு எட்டு மாணவர்களுக்கு ஒரு ஆசிரியர். காலை ஏழு மணி ஷிஃப்ட் என்றால் ஆறே முக்காலுக்கு அங்கே நிற்க வேண்டும். முதல் பேருந்து எத்தனை மணிக்கு, பனி கொட்டினால் என்ன செய்வது என்று முதல் வாரமே ஒரு தடவை போய்ப் பாருங்கள். தவறவிட்ட மணித்தியாலங்களை ஈடு செய்ய வேண்டியிருக்கும், ஈடு செய்ய இடம் கிடைப்பது உங்கள் கையில் இல்லை.

தலைமுடி கட்டியிருக்க வேண்டும், நகப்பூச்சு, ஒட்டு நகம் கூடாது. வளையல் கழற்ற வேண்டும். மணிக்கட்டில் கட்டிய கோயில் நூலும் போக வேண்டும், ஈர நூலில் கிருமி தங்கும். திருவிழாவில் கட்டியதை வெட்ட மனம் வராதவர்கள் முதல் நாளே அவிழ்த்துச் சாமித் தட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

கை கழுவுவதை ஒன்ராறியோவில் நான்கு தருணமாகச் சொல்லித் தருவார்கள்: நோயாளியை அல்லது அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொடுமுன், கிருமியற்ற வேலைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியை விட்டு வரும்போது. ஆசிரியர் கதவருகே நின்று இதைத்தான் பார்ப்பார்.

முதல் நாளில் ஒரே ஒரு முதியவர் உங்களுக்கு. முகம் கழுவி, உடம்பு துடைத்து, உடுப்பு மாற்றி, கதிரையில் இருத்தி, காலைச் சாப்பாடு. பி.எஸ்.டபிள்யூ. இருபது நிமிடத்தில் முடிப்பதை நீங்கள் ஒன்றரை மணி நேரம் செய்வீர்கள். பரவாயில்லை. துடைக்கும்போதுதான் முதுகுத் தோல் சிவந்திருப்பது தெரியும். புரட்டும்போதுதான் எந்தக் கால் நோகிறது என்பது தெரியும். பி.எஸ்.டபிள்யூ. அனுபவம் உள்ளவர்கள் "இது எனக்குத் தெரியும்" என்று விறுவிறுவென்று செய்துவிட்டு நிற்பார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். ஆசிரியர் வந்து கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. என் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிய கட்டிலைக் கீழே இறக்க மறந்திருந்தேன். அழைப்பு மணியும் எட்டாத இடத்தில் கிடந்தது. அன்றிலிருந்து அறையை விட்டு வருமுன் வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன்: கட்டில், மணி, தண்ணீர், கண்ணாடி.

இரண்டாவது மூன்றாவது கிளினிக்கலில் மருந்து கொடுக்கத் தொடங்குவீர்கள். மருந்தை எடுக்கும்போது, ஊற்றும்போது, கொடுக்குமுன் என்று மூன்று தடவை ஓடரோடு ஒப்பிட வேண்டும். ஆளை இரண்டு அடையாளத்தால் உறுதி செய்ய வேண்டும், பெயரும் பிறந்த திகதியும் போல. "நீங்கள் இன்னார்தானே?" என்று கேட்காதீர்கள். காது கேளாத ஐயா மரியாதைக்கு "ஓம்" என்று தலையாட்டுவார். "உங்கடை பேரைச் சொல்லுங்கோ" என்று கேட்டு, கையில் கட்டிய பெயர்ப் பட்டியைப் பாருங்கள். ஸ்காபரோ வார்டுகளில் ஒரே கடைசிப் பெயருடைய இரண்டு தமிழர் அடுத்தடுத்த கட்டிலில் இருப்பது அதிசயமில்லை. டிகொக்சின் போன்ற இதய மருந்துக்கு முன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து முழு ஒரு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும், 60க்குக் கீழே என்றால் கொடுக்காமல் ஆசிரியரிடம் போக வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் வேலை அங்கே வேண்டாம்.

தமிழ் தெரிந்திருப்பது

ஸ்காபரோவில் கிளினிக்கல் கிடைத்தால் தமிழ் முதியவர்களைச் சந்திப்பீர்கள். நீங்கள் தமிழில் வாய் திறந்ததும் முதல் கேள்வி, "பிள்ளை எந்த ஊர்?" இரண்டாவது, "ஆற்றை மகள்?" யாருக்கும் வாயைத் திறக்காமல் இருந்த ஒரு அம்மா, நான் ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகு கஞ்சி முழுவதும் குடித்தார். நல்ல விஷயம்தான். ஆனால் வீட்டுக்குப் போய் "இன்னாரின்ரை மாமியை இண்டைக்குப் பாத்தன்" என்று ஒரு சொல் சொன்னாலும் சட்டப்படி பிழை. நோயாளரின் தகவலைக் காக்க இந்த மாகாணத்தில் 2004ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. நம் ஊராட்கள் தொலைபேசியில் துருவுவதில் கெட்டிக்காரர்கள். "எனக்குத் தெரியாது, மாமி" என்று சொல்லப் பழகுங்கள்.

மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். தண்ணீர் வேண்டுமா, நோகுதா என்பதற்கு உதவலாம். சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் வாங்குவதற்கு மாணவர் போய் நிற்கக்கூடாது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொல்லி ஆசிரியரிடம் தெரிவியுங்கள்.

சொற்களையும் கவனியுங்கள். "கால் உளையுது" என்றால் குத்தும் வலியல்ல, ஊமை வலி. "தலை சுத்துது" என்றால் அறை சுற்றுகிறதா, மயக்கம் வருகிறதா என்று இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். "நெஞ்சுக்குள்ளை அந்தரமாக் கிடக்கு" என்று ஒரு வயதானவர் சொன்னால் அதைப் பதற்றம் என்று மட்டும் மொழிபெயர்த்துவிட்டு நகராதீர்கள். மாரடைப்பு எல்லோருக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. வயதானவர்கள், பெண்கள், சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இப்படி ஒரு அந்தரமாகவும் வரலாம். நாடி, அழுத்தம், ஒட்சிசன் பார்த்து உடனே சொல்லுங்கள். எழுதும்போது அவர் சொன்னதை மேற்கோளில் அப்படியே வைத்து, பக்கத்தில் பொருளை எழுதலாம்.

குறிப்பில் உங்கள் தீர்ப்புக்கு இடமில்லை. "நோயாளி முரண்டு பிடித்தார்" என்று எழுதக்கூடாது. "08:20க்கு மாத்திரையை வேண்டாம் என்றார், வயிற்றைப் பிரட்டுது என்று சொன்னார், தாதிக்கு அறிவித்தேன்" என்று எழுத வேண்டும். வைத்தியரிடமோ தாதியிடமோ சொல்லும்போது நான்கு துண்டு: இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். நம்மாட்கள் கதையைப் பிறந்த ஊரிலிருந்து தொடங்குவோம். இங்கே முதல் வாக்கியத்திலேயே "அழுத்தம் 88க்கு 50, எழும்பி நிற்க முடியவில்லை" என்று வர வேண்டும். கண்ணாடி முன் நின்று பழகுங்கள், எனக்கு ஒரு பருவம் முழுவதும் தேவைப்பட்டது.

வேலை, தூக்கம்

படிப்பு முழுநேரம். வகுப்பு, லாப், கிளினிக்கல் போக மிச்ச நாளில் வேலை செய்யலாம். ஆனால் கிளினிக்கலுக்கு முதல் நாள் இரவு ஷிஃப்ட் எடுக்காதீர்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி இரவு முழுக்க வேலை செய்துவிட்டு நேராக வருவாள். இன்சுலின் அளவை அவள் இரண்டு முறை பிழையாக எடுத்ததை ஆசிரியர் பிடித்தார், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, அவளுடைய கிளினிக்கல் அத்துடன் நின்றது. வாடகை கட்ட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். தொடங்குமுன் ஆறு மாதம் வேலை செய்து கொஞ்சம் சேர்த்து வைத்துவிட்டு வருவது, இடையில் விழுவதைவிட மலிவு.

கடைசிப் பயிற்சியும் பரீட்சையும்

இறுதிப் பருவத்தில் ஒரு தாதியோடு ஒட்டிக்கொண்டு சில நூறு மணி நேரம் வேலை செய்ய வேண்டும். அவருடைய ஷிஃப்ட்தான் உங்களுடையது, பன்னிரண்டு மணி நேரம், இரவும் வரும், வார இறுதியும் வரும். நாலைந்து நோயாளரைப் பார்க்கும் வரை படிப்படியாகக் கூட்டுவார்கள். அங்கே ஒழுங்காக நடந்துகொண்டால் வேலையும் அங்கேயே கிடைப்பது உண்டு.

பதிவுப் பரீட்சை ரெக்ஸ்-பி.என். 2022 ஜனவரியிலிருந்து இதுதான், பழைய பரீட்சைக்கான புத்தகத்தை யாராவது அன்பளிப்பாகத் தந்தால் அன்போடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கணினியில் நடக்கும், நான்கு மணி நேரம், குறைந்தது 90 கேள்வி, கூடியது 150. உங்கள் விடையைப் பார்த்துத்தான் அடுத்த கேள்வி வரும். சரியாகச் செய்தால் கடினமானது வரும், ஆகவே கேள்வி கடினமாக வருகிறதே என்று சோர வேண்டாம். பின்னால் போய் விடையை மாற்ற முடியாது. 90இல் கணினி நின்றால் பாஸ் என்றும் அர்த்தமில்லை, பெயில் என்றும் அர்த்தமில்லை. பல கேள்விகளில் நான்கு விடையும் சரி போலவே இருக்கும். எதை முதலில் செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. மூச்சுக்கு ஆபத்து உள்ளவர் முதலில்.

நம்மவர்கள் பரீட்சை வாசலில் மாட்டிக்கொள்வது பெயரால். அப்பா பெயர் முன்னாலும், நம் பெயர் பின்னாலும், கடவுச்சீட்டில் ஒரு விதம், கல்லூரியில் இன்னொரு விதம். பதிவு செய்த பெயரும் காட்டும் அடையாள அட்டையும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். கல்லூரியில் சேரும் நாளிலேயே ஒரே மாதிரி எழுதத் தொடங்குங்கள்.

ஒன்ராறியோத் தாதியச் சட்டம் பற்றிய தனிப் பரீட்சை ஒன்றும் சி.என்.ஓ. வைக்கும். ஆங்கிலத் தேர்ச்சி, பொலிஸ் சோதனை, கனடாவில் வேலை செய்யும் உரிமை ஆகியவற்றின் சான்றும் கேட்பார்கள். எல்லாம் முடிந்ததும் உங்கள் பெயர் சி.என்.ஓ. தளத்தில் யாரும் தேடிப் பார்க்கக்கூடிய பதிவேட்டில் ஏறும். பாஸ் என்ற மின்னஞ்சல் வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லலாம், கேக் வெட்டலாம். பெயர் அங்கே தெரியும்வரை கையெழுத்துக்குப் பின்னால் ஆர்.பி.என். என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.